ஏற்காட்டில் ஒருவர் ஒதுங்காமல் நின்றது

என்னைச் சிறப்பு விருந்தினராக அழைக்கிறவர்கள் எல்லோருமே அதற்கு முன்னால் வேறு யாரையாவது அழைத்துப் பார்த்தவர்கள்தான். இந்த முறை அந்த வேறு யாரோ ஒரு போலீஸ் அதிகாரி. கடைசி நேரத்தில் அவருக்குப் பந்தோபஸ்து வேலை வந்துவிட்டது. ஏற்காட்டில் லாட்ஜ் மேனேஜராக இருக்கும் என் மச்சினன் ரங்கராஜ், டிரங்கால் போட்டு விஷயத்தைச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை கராத்தே போட்டி. நான் பரிசு கொடுக்க வேண்டும். கூடவே, மாணவர்கள் ஏன் போட்டிகளில் கலந்துகொள்ள வேண்டும் என்று இருபது நிமிடம் பேச வேண்டும்.

"எனக்குக் கராத்தேயில என்னப்பா தெரியும்?" என்றேன்.

"தெரிஞ்சதைத்தான் பேசணும்னு யாரு சொன்னா மாமா? நீங்க பத்திரிகைல எழுதறவரு. எதைப் பத்தியும் தெரியாமலே எழுதிருவீங்கன்னு அக்கா சொல்லியிருக்குது."

நல்ல குடும்பத்தில்தான் பெண் எடுத்திருக்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. தெருவுக்கு ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டும் அதன் மொட்டை மாடியில் ஒரு கராத்தே வகுப்பும் முளைத்திருந்தன. மெட்ராஸில் எங்கள் தெருவிலும் ஒன்று உண்டு. காலை ஐந்தரைக்கு வெள்ளை உடுப்பில் நாற்பது பேர் ஒரே குரலில் கத்துவார்கள். அதனால் எனக்கு அலாரம் வாங்குகிற செலவு மிச்சம். வேறு தொடர்பு இல்லை. சண்டையில் என் சொந்த அனுபவம் எட்டாம் வகுப்போடு முடிந்தது. அதிலும் எதிராளி என்னைத் தொடவே இல்லை. நானாக ஓடி, நானாக விழுந்து, முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன். ஆகவே பேச்சுக்குச் சரக்கு சேர்க்கலாம் என்று இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், சேலத்திலிருந்து ஏறிய பஸ் அடிவாரத்தில் நின்றது. கண்டக்டர் என் பக்கத்தில் வந்து ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்தார்.

"மோந்துக்கிட்டே வாங்க சார். உங்க மொகத்தப் பாத்தா மூணாவது வளைவு தாண்டாது போலிருக்குதுங்க."

நான் ஒன்பதாவது வளைவு வரை தாக்குப்பிடித்தேன். அதை ஒரு வெற்றியாகவே இன்றும் சொல்லிக்கொள்கிறேன். அதன் பிறகு நடந்ததை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த, எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் பெருந்தன்மையோடு இடம் மாற்றிக்கொண்டு சமாளித்தார்.

பதினாலாவது வளைவுக்கு மேலே, எதிரில் மரம் ஏற்றிய ஒரு லாரி வந்தது. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் வழிவிட வேண்டும். இது எனக்கே தெரியும். நாங்கள் ஏறுகிறவர்கள். லாரிக்காரருக்கு இந்த ஏற்பாட்டில் நம்பிக்கை இல்லை. ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்தார். எங்கள் டிரைவர் ஒரு வார்த்தை பேசாமல் பஸ்ஸைப் பின்னால் எடுத்தார். கண்டக்டர் குதித்து இறங்கிப் பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டே, "வரலாம், வரலாம், வரலாம்... போதும்" என்றார். நான் வெளியே எட்டிப் பார்த்தேன். பின் சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு சாண் மண் இருந்தது. அந்தச் சாணுக்கு மேல் ஒரு விரல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அளந்து வைத்த மாதிரி. எலுமிச்சம்பழத்தைத் தோலோடு கடித்துவிட்டேன்.

லாரி போனதும் கண்டக்டரிடம் கேட்டேன். "நியாயமா அவன்தானே ஒதுங்கணும்?"

"நியாயம் அவனுக்குத் தெரியோணுமில்லீங்க. எங்க அர்த்தநாரியண்ணன் யாரு வந்தாலும் ஒதுங்கிருவாரு. கல்யாணத்தன்னைக்கு மணவறை ஏறுறப்பவே, பின்னால வந்த போட்டோக்காரனுக்கு ஒதுங்கி வழி உட்டவருங்க."

பஸ் முழுக்கச் சிரித்தது. டிரைவர் அர்த்தநாரியும் கண்ணாடியில் சிரித்தார். நாற்பதை நெருங்குகிற வயது, ஒல்லியான உடம்பு, கத்தரித்த மீசை. மெட்ராஸில் ஒரு டிரைவரை இப்படிக் கேலி செய்தால் அந்த பஸ் நேராக டெப்போவுக்குப் போய்விடும்.

சனிக்கிழமை காலை எழுந்து ஜன்னலைத் திறந்தேன். ஏரி இருக்கிறது என்று ரங்கராஜ் கைகாட்டிய இடத்தில் பஞ்சு அடைத்தது போலப் பனி மூடியிருந்தது. சுற்றி எங்கு பார்த்தாலும் காப்பித் தோட்டம். இங்கே உலகத்தரமான காப்பி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பஜாருக்குப் போனேன். டம்ளரில் வந்தது நல்ல சிக்கரி. "நல்ல கொட்டையெல்லாம் கீழ போயிருமுங்க," என்றார் கடைக்காரர். கீழே மெட்ராஸில் நான் குடிப்பதும் சிக்கரிதான். நடுவில் யாரோ ஒருவர் நன்றாகக் குடித்துக்கொண்டிருக்கிறார்.

போட்டி நடக்கவிருந்தது ஒரு பள்ளிக்கூடத்து ஹாலில். வெளியூர்ப் போட்டியாளர்கள் முந்தின நாளே வந்து அங்கேயே தங்கியிருந்தார்கள். ஜமக்காளங்கள், இரும்புப் பெட்டிகள், கொடியில் தொங்கும் வெள்ளை உடுப்புகள், நீலகிரித் தைல வாசனை. மாஸ்டர் சேகர் என்னை வரவேற்றார். சுற்றுவட்டாரத்தில் கராத்தே சொல்லித் தருகிறவர் அவர்தான். முன்பல் ஒன்று இல்லை. அது எப்படிப் போனது என்று மரியாதையோடு கேட்டேன். "முறுக்குங்க," என்றார்.

தரையில் வெள்ளை பெயின்டில் ஒரு பெரிய சதுரம் போட்டிருந்தது. விதிகளை மாஸ்டர் விளக்கினார். குத்தும் உதையும் அளவோடு பட வேண்டும். காயப்படுத்தினால் அடித்தவர்தான் தோற்றார். சுத்தமான ஓர் அடிக்கு முழுப் புள்ளி, அதோடு ஆட்டம் முடிந்தது. "அப்பறம் இந்தக் கோடு. பின்னால போயிக் கோட்டத் தாண்டுனா முதல் தடவை எச்சரிக்கை. ரெண்டாவது தடவை எதிராளிக்கு அரைப் புள்ளி. மூணாவது தடவை, வெளிய போயி டீ குடிக்க வேண்டியதுதானுங்க."

என் குறிப்பேட்டில் 'தன்னம்பிக்கை, ஒழுக்கம், தற்காப்பு' என்று மெட்ராஸிலேயே எழுதிவைத்திருந்தேன். ஏன் போட்டிக்கு வருகிறீர்கள் என்று நாலு பேரைக் கேட்டால் இந்த மூன்றும் வரும், பெயர்களைச் சேர்த்துப் பேசிவிடலாம் என்பது திட்டம். மனிதர்கள் ஒத்துழைக்கவில்லை.

அம்மாபேட்டையிலிருந்து வந்த ஒரு பெண், பதினெட்டு வயசு இருக்கும், கை விரல்களுக்குப் பட்டை சுற்றிக்கொண்டே சொன்னாள். "எங்க கிளாஸ்ல நான்தான் சார் பெஸ்ட்டு. ஆனா எங்க கிளாஸ்ல பொண்ணுங்க மொத்தமே மூணு பேருதான். அதான் நெசமான்னு பாக்க வந்தேன்."

நாமக்கல் கல்லூரி மாணவர் ஒருவர்: "ஜெயிச்சா எங்க மாஸ்டர் கைகுடுத்துட்டுப் போயிருவாரு. தோத்தாத்தான் சார் ஒக்கார வெச்சு ஒழுங்காச் சொல்லித்தருவாரு. போன வருசம் தோத்ததுலதான் எனக்கு எடது கைன்னு ஒண்ணு இருக்கறதே தெரிஞ்சுது."

சேலத்தில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்பவர் ஒருவர்: "காலைல ஒக்காந்தா ராத்திரி வரைக்கும் குனிஞ்ச தலைங்க. சலங்கை மணி வெச்சு வெச்சு கழுத்தே கோணிப்போச்சு. இங்க ஒருத்தன் மூஞ்சிய நேராப் பாத்து நிக்கலாமில்லீங்களா? ரெண்டு நிமிசம்னாலும்."

இன்னொருவர் ஏற்காட்டைப் பார்த்ததில்லை, அதற்காக வந்தேன் என்றார். பனியில் நானும் இன்னும் பார்க்கவில்லை என்று அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

எழுதி வைத்திருந்த மூன்றையும் அடித்தேன். முப்பது வருஷமாகப் புத்தகங்களைப் படித்து, மனிதர்கள் எதற்காக எதைச் செய்கிறார்கள் என்பது ஓரளவு பிடிபட்டுவிட்டதாக எனக்கு ஒரு எண்ணம் உண்டு. இரும்புப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த இவர்கள் ஒவ்வொருவரும் என்னைவிடத் தெளிவாகத் தங்களைப் படித்திருந்தார்கள்.

அப்போதுதான் கதவோரம் பயிற்சி செய்துகொண்டிருந்த ஒருவரைக் கவனித்தேன். வெள்ளை உடுப்பு, பழுப்பு பெல்ட், கத்தரித்த மீசை. அர்த்தநாரி. காக்கிச் சட்டை இல்லாததால் சட்டென்று அடையாளம் தெரியவில்லை.

"காலை ட்ரிப்பு முடிஞ்சுதுங்க. நாளைக்கு வார லீவு," என்றார். "எலுமிச்சம்பழம் கேட்டுச்சுங்களா?"

அவரை ஏரிக்கரைக்கு அழைத்துப் போனேன். அதாவது அவர் என்னை அழைத்துப் போனார். பனி விலகி, ஏரி கடைசியில் இருக்கத்தான் செய்தது. மிளகாய் பஜ்ஜியும் டீயும் வாங்கினோம். அந்த மிளகாய் ஒதுங்குகிற ஜாதி அல்ல. கண்ணில் நீர் வழிய, எல்லோரையும் கேட்ட கேள்வியை அவரிடமும் கேட்டேன்.

கையிலிருந்த பஜ்ஜியை முடித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். "மூணு வருசமிருக்குங்க. அடிவாரத்துல ஒரு ஜீப்புக்காரன். அவன்மேலதான் தப்பு. வண்டிய நிறுத்தி எறங்கி வந்தான், நானும் எறங்குனேன். கன்னத்துல ஒண்ணு உட்டான். பஸ்ஸு நெறைய ஆளுங்க பாத்துட்டிருக்கறாங்க. நான் என்ன பண்ணுனேன்னு நெனைக்கறீங்க?"

"திருப்பி அடிச்சீங்களா?"

"ஒதுங்கி நின்னு அவனுக்கு வழி உட்டனுங்க. போயிட்டான்."

டீயைக் குடித்தார். "அடி வலிக்கலீங்க. அன்னைக்கே மறந்தாச்சு. வண்டில ஒக்காந்தா ஒதுங்குறது என் தொழிலு. நான் ஒதுங்குனதுனாலதான் இத்தன வருசத்துல ஒரு உசுரு போகலை. ஆனா எறங்குன பொறவும் காலு எதுக்குத் தானா ஒதுங்குது? அது நானா, இல்ல டிரைவரா? அது தெரிஞ்சாவணுமுங்க. அதுக்குத்தான் கராத்தேல சேந்தேன்."

"கிளாஸ்ல தெரியலையா?"

"கிளாஸ்ல நல்லாத்தான் நிப்பேன். அங்க வர்றதெல்லாம் தெரிஞ்ச வண்டிங்க. எவன் எங்க திரும்புவான்னு அத்துபடி. முன்னப் பின்ன தெரியாதவன் என்னைய அடிக்கறதுக்குன்னே வரோணும். போட்டிய உட்டா அதுக்கு வேற எடம் ஏதுங்க?"

போன வருஷமும் போட்டிக்குப் போயிருக்கிறார். ஒரே நிமிஷத்தில் மூன்று முறை கோட்டுக்கு வெளியே போய்விட்டார். எதிராளியின் கை அவர்மேல் படவே இல்லை. வீட்டுக்குப் போனதும் மனைவி நல்லம்மா, ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்று கேட்கவில்லை.

"'ஒதுங்கிட்டீங்களா?'ன்னுதான் கேட்டா. ஆமான்னேன். சோறு போட்டா." பஜ்ஜிக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். "ஜெயிக்கோணும்னெல்லாம் இல்லீங்க. நாளைக்கு நின்னுட்டாப் போதும்."

அன்று ராத்திரி என் பேச்சைத் திருத்தி எழுத உட்கார்ந்து, தூங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பொன்னாடை போர்த்தி, முதல் வரிசையில், கோட்டிலிருந்து ஆறடி தூரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கனமான பொன்னாடை. ஏற்காட்டுக் குளிரில் சிறப்பு விருந்தினராக இருப்பதில் ஒரு நியாயம் இருப்பதை அப்போதுதான் கண்டேன். காலையிலிருந்து நிறையப் பார்த்தேன். அம்மாபேட்டைப் பெண் முதல் ஆட்டத்தை ஜெயித்து இரண்டாவதில் தோற்றாள். ஜெயித்தவளிடமே போய் அந்த உதையை எப்படி விட்டாய் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். கொலுசுக்காரர் எதிராளியை அவ்வளவு ஆசையோடு நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நின்றார், கையைத் தூக்குவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. முகத்தில் ஒரு குறையும் இல்லை.

மத்தியானத்துக்கு மேல் அர்த்தநாரியின் முறை வந்தது. எதிராளி ஈரோட்டுப் பையன், இருபத்திரண்டு வயசு, பனைமரம் மாதிரி உயரம். பார்வையாளர் பக்கம் கண்டக்டர் வந்திருந்தார், எலுமிச்சம்பழம் இல்லாமல்.

நடுவர் கையைக் கீழே இறக்கியதும் ஈரோட்டுப் பையன் நேராகப் பாய்ந்து வந்தான். அர்த்தநாரி பின்னால் போனார். ஒரு அடி, இரண்டு அடி, மூன்று அடி. திரும்பிப் பார்க்கவில்லை. குதிகால் கோட்டுக்கு ஒரு விரல் முன்னால் நின்றது. பதினாலாவது வளைவில் பார்த்த அதே கணக்கு. முதுகுக்குப் பின்னால் கண் இருக்கிறவர்தான் இப்படி நிற்க முடியும். பையனின் குத்து காற்றில் போனது. கூட்டம் ஆகா என்றது. ஆனால் பையன் நிற்கவில்லை, இன்னும் ஒரு எட்டு வைத்தான். அர்த்தநாரியின் கால் வழிவிட்டது. கோட்டுக்கு வெளியே.

எச்சரிக்கை.

மறுபடி நடுவில் நிறுத்தினார்கள். மறுபடி பாய்ச்சல், மறுபடி பின்னால். கண்டக்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "வரலாம், வரலாம், வரலாம்... போதுமண்ணே, போதும்," என்று பழக்க தோஷத்தில் குரல் கொடுத்தார். வெளியிலிருந்து யாரும் குரல் கொடுக்கக் கூடாது என்று நடுவர் அதட்டுவதற்குள் அர்த்தநாரி இரண்டாவது முறையும் கோட்டைத் தாண்டியிருந்தார். எதிராளிக்கு அரைப் புள்ளி. இன்னொரு முறை தாண்டினால் போன வருஷம்தான் இந்த வருஷமும்.

நான் எத்தனையோ மேடைகளில் பிறருக்காகக் கவலைப்படுவது போல் உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கு நிஜமாகவே பொன்னாடையின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது முறை. ஈரோட்டுப் பையன் இந்தத் தடவை அவசரப்படவில்லை. கோட்டுப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே வந்தான், மாட்டை ஓட்டுகிற மாதிரி. அர்த்தநாரி பின்வாங்கினார். ஒரு அடி. இரண்டு அடி. மூன்று அடி. நாலாவது அடிக்குக் காலைத் தூக்கினார். தூக்கிய காலைப் பின்னால் வைக்கவில்லை. எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார். கால்விரல்கள் தரையைக் கவ்வியதை ஆறடி தூரத்திலிருந்து பார்த்தேன். பையன் கிளம்பிவிட்டான். அர்த்தநாரிக்கு அவன் வருவது தெரிகிறது, எந்தக் கால் எங்கே வரும் என்பதும் தெரிகிறது; அவ்வளவு நிதானமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். கையை மடக்கி நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவந்தார், அரை நொடி தாமதமாக. உதை விலாவில் விழுந்தது. மூட்டையைப் போட்ட மாதிரி சத்தம்.

முழுப் புள்ளி. ஆட்டம் முடிந்தது.

ஹாலில் எல்லோரும் ஜெயித்தவனைப் பார்த்துக் கைதட்டினார்கள். அர்த்தநாரி நடுவரைப் பார்க்கவில்லை, எதிராளியைப் பார்க்கவில்லை. குனிந்து தன் கால்களைப் பார்த்தார். பிறகு கோட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். குதிகாலுக்கும் கோட்டுக்கும் நடுவே நாலு விரல்கடை. உதை வாங்கியும் அந்த நாலு விரல்கடை குறையவில்லை.

பையன் பயந்துபோய் ஓடிவந்தான். "பலமாப் பட்டுருச்சுங்களாண்ணா?"

அர்த்தநாரி அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நொம்ப நல்லாருந்துச்சு கண்ணு," என்றார்.

பரிசளிப்பு. இருபது நிமிடப் பேச்சில் நான் பேசியது ஒன்றரை நிமிடம். ஏன் போட்டிக்கு வருகிறீர்கள் என்று உங்களைக் கேட்டேன், நீங்கள் சொன்னதைவிட நல்ல பேச்சு என்னிடம் இல்லை என்று ஆரம்பித்தபோதே கரண்ட் போய் மைக் செத்தது. மீதி முதல் வரிசைக்கு மட்டும் கேட்டிருக்கும். கைதட்டல் கடைசி வரிசையிலிருந்துதான் பலமாக வந்தது.

படியிறங்கும்போது அர்த்தநாரி விலாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஏனுங்க, ஒரு ஒத்தாசை. நான் சொன்னா ஊட்டுல நம்ப மாட்டா. நீங்கதான் பக்கத்துல இருந்து பாத்தவரு. ஒருக்கா வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருங்க. கிளியூருதான், கிட்டத்துலதானுங்க."

எழுத்தாளனாக இத்தனை வருஷத்தில் என் வாக்குமூலத்தை யாரும் இவ்வளவு மதித்துக் கேட்டதில்லை. கிட்டத்தில் என்று மலைக்காரர்கள் சொன்னால் எவ்வளவு தூரம் என்பது தெரியாமல் நடந்தேன். காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. உதை வாங்கியவர் முன்னால் விறுவிறுவென்று நடக்க, உதை வாங்காதவன் பின்னால் மூச்சு வாங்கினேன்.

நல்லம்மா வாசலில் நின்றிருந்தார். கணவனின் நடையைப் பார்த்தார், பொன்னாடையைப் பார்த்தார், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ராகிக் களி உருண்டையும் மொச்சைக் குழம்பும் வைத்தார். மெட்ராஸில் டாக்டர் சொன்னதால் நான் ராகிக் கஞ்சி குடிப்பதுண்டு. அதற்கும் இதற்கும் உறவே கிடையாது. முதல் உருண்டை பாதி முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"ஒதுங்கிட்டாருங்களா?"

"ரெண்டு தடவை ஒதுங்கினார். மூணாவது தடவை ஒதுங்கலைம்மா. கோட்டுக்கு உள்ளே, நாலு விரல்கடை. நான் பக்கத்துல இருந்து பார்த்தேன்."

"அடி உழுந்தும்?"

"விழுந்த பிறகும்."

நல்லம்மா அருகில் போய், கணவனின் விலாவில் ஒரு விரலை வைத்து அழுத்தினார். அவர் முகம் சுளித்தார். அது என் வாக்குமூலத்தைவிடப் பெரிய சாட்சியாகப் பட்டிருக்க வேண்டும். தலையை ஆட்டிக்கொண்டார்.

"அப்ப தெரிஞ்சுபோச்சுங்களே. இனி அடுத்த வருசம் போக வேண்டியதில்ல."

அர்த்தநாரி களியைக் குழம்பில் தோய்த்து மெதுவாக விழுங்கினார்.

"அப்பிடிச் சொல்ல முடியாது நல்லம்மா. அந்தப் பையன் கடைசியா வந்த வேகம் அப்பிடி. ஒதுங்க நேரமில்லாமக்கூட நின்னுருப்பேனில்ல? இன்னொருக்கா நின்னு பாத்தாத்தான் தெரியும்."

நான் களி உருண்டையின் மேல் முழுக் கவனத்தையும் வைத்தேன். போட்டிக்கு ஏன் வருகிறார்கள் என்பதற்கு என் குறிப்பேட்டில் ஒரு டஜன் காரணம் இருந்தது. ஒரு முறை வந்தவர்கள் ஏன் மறுபடியும் வருகிறார்கள் என்பதை எழுத மறந்திருந்தேன்.

நல்லம்மா கணவனின் தட்டில் இன்னொரு உருண்டையை வைத்தார்.

"சரி, போங்க. ஆனா சாட்சி சொல்றதுக்கு இந்த அய்யாவ மெட்ராசுல இருந்து வரவெக்க வேண்டாமுங்க. நானே வந்து பாத்துக்கறேன்."